விளக்கு எரிந்தால் ஆட்டம் முடிந்தது

எங்கள் ஊரில் கூடைப்பந்து ஆட்டம் முடிய விசில் தேவையில்லை, என் அப்பா போதும். ஊர் என்றால் போர்ட் பிளேர். அப்பாவுக்குத் துறைமுக விளக்கில் வேலை. மரைன் ஹில்லின் உச்சியில் வெள்ளையடித்த சின்னக் கோபுரம் ஒன்று, அதன் தலையில் விளக்கு. மாலையில் அதை ஏற்றுவதும் விடியலில் அணைப்பதும், நடுவில் கப்பல் ஏதாவது தென்பட்டால் கீழே அலுவலகத்துக்குப் போனில் சொல்வதும்தான் அவர் உத்தியோகம். அவருக்கும் பந்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பந்து தெருவில் உருண்டு வந்து காலில் பட்டால்கூட ஒதுங்கி நடக்கிறவர்.

ஆனாலும் ஆட்டம் அவர் கையில்தான் இருந்தது. எங்கள் தீவுகளில் கடிகாரம் மெயின்லாந்துக் கடிகாரம், சூரியன் மட்டும் தன் இஷ்டத்துக்கு வந்து போகும். சென்னையில் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து பையைத் தூக்கி எறிகிற நேரத்தில் இங்கே கோழிகள் அடைய ஆரம்பித்துவிடும். மைதானத்திலோ ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. மூன்று மணிக்குத் தொடங்குகிற ஆட்டம், சண்டை, சமாதானம், குறுக்கே ஓடும் நாய் எல்லாம் சேர்ந்து இருட்டுகிற வரை இழுக்கும். ஜெயிக்கிற அணி இருட்டிவிட்டது என்று சொல்லும், தோற்கிற அணி இன்னும் பட்டப்பகல் என்று சாதிக்கும். இந்தத் தகராறில் ஒரு தடவை மண்டை உடைந்த பிறகு, எல்லா அணிக்காரர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதல் பாதிக்குக் கைக்கடிகாரம். இரண்டாம் பாதி, மலைமேல் துறைமுக விளக்கு எரிகிற வரை. விளக்கு எரிந்த நொடியில் பந்து காற்றில் இருந்தால் விழுகிற வரை உயிர் உண்டு, கையில் இருந்தால் கையிலேயே செத்தது.

இதற்கென்றே ஓர் ஆள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையையே பார்த்தபடி நிற்பார். விளக்கைக் கண்டதும் இந்தியில் ‘பத்தி’ என்று கத்துவார். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான், எல்லாரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அது சர்க்கார் விளக்கு, மெயின்லாந்திலிருந்து அச்சடித்து வருகிற அட்டவணைப்படி எரிகிறது, அதற்குச் சொந்தபந்தம் கிடையாது என்று எல்லாரும் நம்பினார்கள்.

சொந்தபந்தம் உண்டு என்பது சித்தப்பா ஆட வந்த வருடம்தான் ஊருக்கு உறைத்தது.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. ஜங்லிகாட் என்ற பகுதியில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது, எல்லாரும் கடலில் பிழைத்தவர்கள். சித்தப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகு கட்டவிழ்க்கும் முன்பே வாந்தி எடுத்துவிடுவார். படகில் போய்ப் பார்த்தார், எஞ்சின் பட்டறையில் கொஞ்ச நாள் இருந்தார், தையல்கூடப் பழகினார். எதிலும் உருப்படவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் உயரம். எங்கள் வீட்டு வாசல்நிலையில் அவர் தலை இடித்த இடத்தில் அம்மா ஒரு பழைய துணியைச் சுற்றி ஆணி அடித்து வைத்திருந்தாள்.

அந்த உயரத்துக்கு ஒரு நாள் வேலை வந்தது. ஊரில் ஒரு மர ஆலை இருந்தது. அதன் முதலாளி கல்கத்தாவில் படித்தபோது கூடைப்பந்து ஆடியவர் என்று சொல்வார்கள். அவருடைய வயிற்றைப் பார்த்தால் நம்புவது கஷ்டம். அவர் எட்டு ஆட்களைச் சம்பளத்துக்கு எடுத்தார். பேரேட்டில் அவர்கள் மரம் தூக்குகிறவர்கள், ஆனால் ஒரு சுள்ளியைக்கூடத் தூக்கவேண்டியதில்லை. விடியற்காலை பயிற்சி, மாலை பயிற்சி, சனி ஞாயிறு ஆட்டம். மற்ற அணிகளில் எல்லாரும் வேலை முடித்து வந்து ஆடுகிறவர்கள். ஆடுவதையே வேலையாக வைத்திருந்தது ஆலை அணி மட்டும்தான். இரண்டாவது மாதமே சித்தப்பாவை அதற்குக் கேப்டன் ஆக்கினார்கள். குதிக்கிறதுக்கெல்லாம் சம்பளம் கொடுக்கிற புண்ணியவானை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். சித்தப்பா முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கித் தந்தார். அதுவரை வீட்டில் சாப்பிடும்போது தலை நிமிராதவர், அந்த மாதத்திலிருந்து இன்னும் கொஞ்சம் குழம்பு என்று வாய்விட்டுக் கேட்டார்.

அந்தப் பருவம் ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. ஆறு அணிகள். ஒரு ஆட்டம் தீவுகளின் வடகோடியில் இருக்கும் திக்லிபூரில். அதற்குக் கப்பலில் போய் இறங்கியபோது சித்தப்பாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். அங்கே துறைமுக விளக்கு கண்ணுக்குத் தெரியாது. அதனால் மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பி மைதானத்தைக் கடக்கும்போது ஆட்டம் முடியும் என்பது திக்லிபூர்க்காரர்களின் வழக்கம். அன்றைக்கு மாடுகள் தாமதித்ததால் எங்களுக்கு வெற்றி. சித்தப்பா இதை வீட்டில் நடித்துக் காட்டும்போது அப்பாகூட ஓரமாக நின்று சிரித்தார்.

போர்ட் பிளேரில் மாடுகள் மேல் பழி போட முடியவில்லை. ஆலை அணி முன்னணியில் இருக்கும்போது விளக்கு எரிந்தால், தம்பிக்காக அண்ணன் முந்திக்கொண்டார் என்று மீன் மார்க்கெட் வரைக்கும் பேச்சு. ரேடியோவில் நேரம் சொல்லும்போது தினம் ஒரு தடவை கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிற அப்பா, அதன் பிறகு காலையும் மாலையும் இரண்டு வேளையும் திருத்த ஆரம்பித்தார். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா பந்தைத் தூக்கிக் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்து, ஆலை அணி ஒரு புள்ளியில் தோற்றது. ஊர்வாய் அடங்கியது. அன்று இரவு அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விளக்கு அட்டவணைப்படிதான் எரிந்தது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அந்தத் தோல்வி வந்தும் ஆலை அணி கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் ஆலையில் ஒரு மாற்றம். முதலாளிக்கு மெயின்லாந்திலிருந்து ஒரு கூட்டாளி சேர்ந்தார். அவர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, மரம் தூக்கவே தூக்காத இந்த எட்டுப் பேர் யார் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். முதலாளி கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கினார். கோப்பையை வென்றால் அணி இருக்கும், அடுத்த வருடம் மெயின்லாந்துக்குப் போய் ஆடும். தோற்றால் எட்டுப் பேரின் பெயரும் அடிக்கப்படும். சித்தப்பா அதை வீட்டில் வந்து சொன்னபோது சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா அன்றைக்கே மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

கடைசி ஆட்டம் படகுப் பட்டறை அணியோடு. அந்த வாரம் பார்த்து எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் வீங்கி, தலையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிடந்தேன். எனக்குப் பத்து வயது. சித்தப்பாவின் ஆட்டம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. எப்போதும் கடல் பக்கத்துத் திட்டில் உட்கார்ந்து பார்ப்பேன். பிள்ளைகள் கூட்டத்தில் உன்னைக் கொண்டுபோனால் ஊருக்கே ஒட்டிவிடும் என்று அம்மா மறுத்துவிட்டாள். ஆனால் அவளும் போகாமல் இருக்கமாட்டாள், என்னைத் தனியாகவும் விடமுடியாது. நான் அழுத அழுகையில் அப்பாதான் கடைசியில் ஒரு வழி சொன்னார். மலைக்குத் தன்னோடு கூட்டிப்போவதாகவும் அங்கிருந்து மைதானம் தெரியும் என்றும் சொன்னார். கோபுரத்துக்குள் வெளியாட்களை ஏற்றக்கூடாது என்று வாசலிலேயே பலகை இருந்தது. அப்பா தன் வாழ்நாளில் மீறிய ஒரே பலகை அதுதான்.

கோபுரத்தின் உள்ளே செங்குத்தான இரும்புப் படிகள். மேலே விளக்கறை, அதைச் சுற்றிக் கண்ணாடி. கீழே போன் இருக்கிற அறை. மேலே ஏறியதும் அப்பா முதலில் சொன்னது, சுவரில் இருக்கிற பெரிய சுவிட்சைத் தொடக்கூடாது என்பது. நான் தலையாட்டினேன்.

மைதானம் தெரிந்தது, ஆனால் மனிதர்கள் எறும்பாகத்தான் தெரிந்தார்கள். இரண்டு அணிக்கும் வெள்ளை பனியன், மார்பில் எழுத்து மட்டும்தான் வேறு. பைனாகுலரை அப்பா வைத்திருந்தார், ஏனென்றால் அன்றைக்கு ஒரு கப்பல் வரவேண்டியிருந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், கப்பல் தெரியட்டும் என்று சொல்லிவிட்டார். கூட்டம் கத்துவது மட்டும் காற்றில் வந்து வந்து போனது. யார் கத்துகிறார்கள், எதற்குக் கத்துகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு புனிதரை விட்டு அடுத்த புனிதராகக் கூப்பிட்டு வேண்டினேன்.

அட்டவணையில் அன்றைய நேரம் ஐந்து முப்பத்திரண்டு. அதற்குக் கொஞ்சம் முன்னால் கீழே போன் அடித்தது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பைனாகுலரை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

நான் பாய்ந்து அதை எடுத்தேன்.

மைதானத்தின் நடுக்கோட்டருகே ஒரு கம்பியில் இரண்டு தகரங்கள் தொங்கும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தகரம், இரண்டு பக்கத்துக் கூட்டமும் பார்க்கும்படி இரு முகத்திலும் ஒரே எண் எழுதியிருக்கும். இரண்டாம் பாதியில் இடது பக்கத்து வளையத்தைத்தான் எங்கள் அணி காக்கும், இடது பக்கத்துத் தகரம்தான் எங்களுடையது. அந்தப் பருவம் முழுக்க நான் அப்படியேதான் பார்த்திருக்கிறேன். பைனாகுலரில் இடது தகரம் நாற்பத்தொன்று. வலது தகரம் நாற்பது. நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம்! ஆனால் இடது பக்க வளையத்தின் முன்னால் கோட்டில் ஓர் ஆள் பந்தோடு தனியாக நிற்கிறான், மற்றவர்கள் ஒதுங்கி வரிசையாக நிற்கிறார்கள். தவறான ஆட்டத்துக்குக் கொடுக்கிற ப்ரீ த்ரோ, இரண்டு வீச்சு. எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. நெட்டையாக இருந்தான். பட்டறை அணியிலும் ஒரு நெட்டையன் உண்டு. இரண்டும் விழுந்துவிட்டால் எங்களுக்குக் கோப்பை இல்லை, சித்தப்பாவுக்கு வேலை இல்லை.

அவன் பந்தை ஒரு முறை தட்டினான். இரண்டாவது முறை தட்டினான்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு கையாலும் சுவிட்சைத் தூக்கினேன்.

கப்பலுக்காகக் கட்டிய விளக்கு அது. எரிந்ததும் அறை முழுக்கச் சூடு பரவியது. கீழே மைதானத்தில் சத்தம் நின்றுபோனது. நான் ஸ்டூலிலிருந்து இறங்கி மறுபடி பைனாகுலரைக் கண்ணில் வைத்தபோது, கோட்டில் நின்ற ஆள் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு மலைப்பக்கம் திரும்பியிருந்தார். அது சித்தப்பா.

கடல் பக்கத்துத் திட்டிலிருந்து இடது பக்கமாக இருப்பது, மலையிலிருந்து பார்த்தால் வலது பக்கமாகிவிடும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் அதை நான் புரிந்துகொண்டபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்பா இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். விளக்கைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். தானாக எரிந்துவிட்டது என்று நான் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அணைத்துவிட்டு மறுபடி ஏற்றவும் இல்லை. அப்படிச் செய்தால் வரும் கப்பல் குழம்பிவிடும். மேசையில் கிடந்த பதிவேட்டைத் திறந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ஐந்து இருபத்தாறு, மேகமூட்டம் காரணமாக முன்னதாக ஏற்றப்பட்டது. கீழே தன் கையெழுத்து. வெளியே வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

“ஏட்டி, பசிக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அப்பா நம்பிவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு வந்தது பயம் அல்ல, தப்பித்துவிட்ட சந்தோஷம். அதைச் சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஆலை மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வங்காளி, எல்லாரிடமும் இந்தியில்தான் பேசுவார். கையில் ஒரு மனு வைத்திருந்தார். விளக்கு ஆறு நிமிடம் முன்னதாக எரிந்தது என்பதற்கு ஊரே சாட்சி, வானத்தில் பஞ்சுத் துணுக்கு மேகம்கூட இல்லை, மனு கொடுத்தால் போட்டிக் கமிட்டி பதிவேட்டை வரவழைத்து விளக்குக்காரரையும் கூப்பிட்டு விசாரிக்கும், ஞாயிற்றுக்கிழமை மறு ஆட்டம் வைத்துவிடுவார்கள் என்று சொன்னார். கேப்டன் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பா அந்த நேரம் மலையில் வேலையில் இருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

மேனேஜர் பேனாவைத் திறந்து நீட்டினார். சித்தப்பா அதை வாங்கிக்கொள்ளவில்லை.

“பாதல் தா, சாப்” என்றார். மேகம் இருந்தது ஐயா என்று.

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. “கஹாங் தா?” என்று கேட்டார், எங்கே இருந்தது என்று.

“ஊபர். பத்தி கே பாஸ்.” மேலே, விளக்குப் பக்கத்தில்.

மேனேஜர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் எட்டுப் பெயர்களும் அடிக்கப்பட்டன. மற்ற ஏழு பேரும் சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். தெருவில் எதிரே வந்தால் ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார். ஆலை அணி என்று ஒன்று அதற்குப் பிறகு எங்கள் ஊரில் இல்லை. வீட்டில் அண்ணனும் தம்பியும் முன்னைவிடக் குறைவாகப் பேசிக்கொண்டார்கள். அப்பா மேல் சித்தப்பாவுக்குக் கோபம் என்று நான் முடிவு செய்தேன். அப்பாதான் விளக்கேற்றினார் என்று அவர் நம்புகிறார், நான் வாயைத் திறந்தால் தீர்ந்துவிடும். திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் நடந்ததைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடவுளுக்கும் சாமியாருக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்ற திடத்தில், வருடக்கணக்கில் அந்த வீட்டில் நடமாடினேன்.

எனக்கு வேலை கிடைத்த வருடம், அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். பேச்சு எப்படியோ அந்த ஆட்டத்துக்கு வந்தது. அவள் கையை நிறுத்தாமல் சொன்னாள்.

“நீ ஸ்டூலப் போட்டு ஏறுனத அப்பா அன்னைக்கே கொழுந்தன்ட்டச் சொல்லிட்டாக. பிள்ளைய டவர்ல ஏத்துனது வெளியே தெரிஞ்சா அப்பாவுக்கு வேல போயிருக்கும். ஒனக்கும் ஆயுசு பூரா பேரு நின்னுருக்கும், லைட்டப் போட்டுக் கெடுத்த பிள்ளன்னு.”

சித்தப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“சோறு போடுங்க மதினின்னாக.”

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பத்து வயதில் விளக்கறையில் வராத அழுகை அன்றைக்கு வந்தது. அந்த வீட்டில் நான் ஒரு ரகசியத்தை மறைத்து வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து அதை என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் நடந்த அந்த வருட ஏப்ரலிலேயே சித்தப்பா திக்லிபூருக்குப் போயிருந்தார். அங்கே ஒரு பாக்குத் தோட்டத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். கப்பலில்தான் போகவேண்டும். வயிற்றைக் காயப்போட்டால் வாந்தி வராது என்று யாரோ சொன்னதால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஜெட்டி வரைக்கும் நானும் அப்பாவும் போனோம். அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் இருந்தது. அப்பா டிக்கெட்டைக் காட்டி ஏதோ கேட்கப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் தனியாக நின்றோம். விளக்கைப் பற்றி அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். சீக்கிரம் கப்பலேறினால் நல்லது, இனிமேல் இந்தப் பேச்சே வீட்டில் வராது என்றுதான் நினைத்தேன்.

சித்தப்பா அந்த உயரத்தையெல்லாம் மடக்கி என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“அப்பாகூட மலைக்கு இனிமேலும் போகணும், என்ன? பயப்படக்கூடாது” என்றார்.

அந்த இரும்புப் படிகள் செங்குத்தாக இருப்பதால் சொல்கிறார் என்று நினைத்தேன்.

“படியெல்லாம் எனக்குப் பயமே இல்ல சித்தப்பா” என்றேன்.